பெட்டிக்கும் ஓர் இலக்கம்

மாத்தளை என்னும் பெயரைக் கேட்டதும் நம்மவர் பலருக்கு முத்துமாரியம்மன் கோயிலின் பஞ்சரத பவனியும், மிளகும் கராம்பும் கொக்கோவும் விளையும் குளிர்ந்த மலைச்சாரலுமே நினைவுக்கு வரும். ஆயின் அம்மாவட்டத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் இறங்கினால், மலைநாடு மெல்ல மறைந்து வரண்ட வலயம் தொடங்குகின்றது. அங்கே, மகாவலி கங்கையின் இடது கரையை ஒட்டி, மாவட்டத்தின் கீழ்த்திசை எல்லையாக அமைந்திருப்பது வில்கமுவ பிரதேசம். ஹெட்டிபொல அதன் கடைத்தெரு. 1984ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட வஸ்கமுவ வனம் அதன் அயல். தெற்கே மினிப்பே அணையிலிருந்து புறப்படும் இடதுகரைக் கால்வாய், எழுபது கிலோமீற்றருக்கு மேல் ஓடி, இப்பக்கத்து வயல்களுக்கு நீர் வார்க்கின்றது.

நீர் வந்த இடத்தில் நெல் வந்தது. நெல் வந்த இடத்தில் யானையும் வந்தது. அது வேறொரு பேச்சுக்குரிய பொருள். இன்று நான் சொல்ல வந்தது, விளைந்த நெல்லை வயலிலிருந்து ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டிகளைப் பற்றியது. பெரும்போக அறுவடை முடியும் மாசி, பங்குனி மாதங்களில் அவ்வூர்த் தெருக்களில் நின்று பார்த்தால், லாண்ட்மாஸ்டர் என்று ஊரார் இன்றும் அழைக்கும் இருசக்கரக் கை உழவு இயந்திரங்களும், நாற்சக்கர உழவு இயந்திரங்களும், அவற்றின் பின்னே பூட்டிய பெட்டிகளும், மூட்டை ஏற்றிய லொறிகளும் வரிசையாகச் செல்வதைக் காணலாம். மகாவலிக்கு அக்கரையில் ஊவா மாகாணம். வடக்கே எலஹெரப் பக்கம் சென்றால் வடமத்திய மாகாணம். மத்திய மாகாணத்து வில்கமுவ லொறி ஒன்று, பொலனறுவை ஆலைக்கு நெல்லும் தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறியும் கொண்டு செல்கையில் மாகாண எல்லைகளைச் சர்வ சாதாரணமாகத் தாண்டி வருகின்றது. அவ்வண்டிக்கு இலக்கம் கொடுப்பவர் யார்? ஆண்டுக் கட்டணம் வாங்குபவர் யார்? அது யாருடைய வண்டி என்று எந்த ஏடு சொல்லுகின்றது?

இக்கேள்விகளுக்கு அடிப்படையாக நிற்பது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம். அதற்கு முன்னர் 1938ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்று வழக்கில் இருந்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டிருக்கின்றது. 2009ஆம் ஆண்டின் திருத்தம் அவற்றுள் பெரியது. ஆயினும் எலும்புக்கூடு பழையதே. பதிவு செய்யப்படாத மோட்டார் வாகனத்தை ஒருவர் தம் உடைமையில் வைத்திருத்தலும் ஆகாது, பாவித்தலும் ஆகாது என்பது அதன் முதல் விதி. "வைத்திருத்தல்" என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். தெருவுக்குக் கொண்டு வரவில்லை, கொட்டிலிலேதான் நிற்கின்றது என்று சொல்வதால் மட்டும் கடமை தீர்ந்துவிடுவதில்லை.

மோட்டார் வாகனம் என்றால் எது? இங்கேதான் கமக்காரர் பலர் திகைப்படைகின்றனர். சட்டத்தின் சொல்விளக்கத்தில் தெருவில் ஓடத்தக்க உழவு இயந்திரமும் அடங்கும். அதன் பின்னே பூட்டும் பெட்டியும் அடங்கும். பெட்டிக்கு இயந்திரம் இல்லை. அது தானாக ஓரடியும் நகராது. இருந்தும் சட்டத்தின் கண்ணுக்கு அதுவும் ஒரு மோட்டார் வாகனமே. தெருப் போடும் உருளை வண்டிக்கு இயந்திரம் உண்டு. அதுவோ இவ்விளக்கத்திலிருந்து விலக்கப்பட்டிருக்கின்றது! நகைப்புக்கிடமான நியாயம் என்று தோன்றலாம். ஆனால் காரணம் இல்லாமற் போகவில்லை. இயந்திரத்தை விற்றவர் பெட்டியை வைத்துக்கொள்ளலாம். ஒருவருடைய பெட்டியை இன்னொருவருடைய இயந்திரம் இழுக்கலாம். இரவில் விளக்கின்றித் தெருவோரத்தில் நிற்கும் பெட்டியில் மோட்டார் சைக்கிள்காரர் மோதி உயிரிழக்கலாம். அப்பொழுது பெட்டி யாருடையது என்ற கேள்வி இயந்திரத்தை விட்டுத் தனித்து எழுகின்றது. ஆதலினாலேயே பெட்டிக்குத் தனிப்பதிவு, தனி இலக்கம்.

பதிவுச் சான்றிதழை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பார்க்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் அதை மடித்துப் பெட்டகத்தில் வைப்பதோடு சரி. அதில் இலக்கம், வாகனத்தின் வகுப்பு, அடிச்சட்ட இலக்கம், இயந்திர இலக்கம், வெற்று நிறை ஆகியவை இருக்கும். பதிவு பெற்ற உரிமையாளர் என்று ஒரு பெயர் இருக்கும். கடனுக்கோ குத்தகைக்கோ எடுத்த வண்டியானால் முழு உரிமையாளர் என்று இன்னொரு பெயரும் இருக்கும். அது நிதி நிறுவனத்தின் பெயர். கடைசித் தவணை கட்டும்வரை வண்டியின் உரிமையில் அந்நிறுவனத்துக்கு இடம் உண்டு. தவணை தீர்ந்ததும் அப்பெயரை நீக்குவிப்பது தானாக நடக்கும் காரியம் அன்று. நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதத்தைப் பெற்று, திணைக்களத்தில் சமர்ப்பித்து, பெயரை எடுப்பித்தாக வேண்டும். கடைசிக் காசைக் கட்டிவிட்ட மகிழ்ச்சியில் இதைச் செய்யாது விட்டவர்கள், ஐந்தாறு ஆண்டு கழித்து வண்டியை விற்கப் போகும்போது அந்த நிறுவனம் பெயர் மாறியோ வேறொன்றுடன் இணைந்தோ போயிருப்பதைக் கண்டு அலைகின்றனர்.

இதனினும் பெரிய தொல்லை ஒன்று உண்டு. வியாபாரிகள் அதனைத் திறந்த பத்திரம் என்று சொல்வர். வண்டி கைமாறும்போது, விற்பவர் பதினான்கு நாளுக்குள் அதனைத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்குபவரும் அத்தவணைக்குள் தம்மைப் புதிய உரிமையாளராகப் பதியும்படி விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். முன்னதற்கு எம்.ரி.ஏ. 6 என்ற படிவம், பின்னதற்கு எம்.ரி.ஏ. 8. நடைமுறையில் என்ன நிகழ்கின்றது? விற்பவர் ஆறாம் படிவத்தில் கையெழுத்தை மட்டும் இட்டு, வாங்குபவரின் பெயரையும் தேதியையும் வெறுமையாக விட்டு நீட்டுகின்றார். வாங்கியவர் தம் பெயரைப் பதிந்தால் கட்டணம் செலவாகும், கொழும்புக்குப் போய்வரும் செலவும் சேரும் என்று கருதி, அவ்வெற்றுப் பத்திரத்தோடு வண்டியை அடுத்தவருக்கு விற்கின்றார். அவர் இன்னொருவருக்கு. இப்படி நான்கு கை, ஐந்து கை மாறிய உழவு இயந்திரங்களும் பெட்டிகளும் நாட்டின் நெற்காணி ஊர்களில் உண்டு. பதிவேட்டில் உள்ளவர் என்றோ ஊர் மாறிப் போயிருப்பார். சில வேளைகளில் உலகத்தை விட்டே போயிருப்பார்.

வண்டி ஓடுகின்றதே, என்ன குறை என்று கேட்கலாம். குறை இரு பக்கத்தும் உண்டு. விபத்து நேர்ந்தால், அல்லது அவ்வண்டியில் களவு மரமோ களவு மணலோ ஏற்றப்பட்டால், பொலிஸார் முதலில் கதவைத் தட்டுவது பதிவேட்டில் பெயருள்ளவரின் வீட்டைத்தான். "நான் விற்று எட்டு வருஷம்" என்று அவர் சொல்வதற்கு எழுத்துச் சாட்சி இல்லை. வாங்கியவர் நிலை அதனினும் இரங்கத்தக்கது. முழுப் பணத்தையும் கொடுத்திருந்தும் வண்டியை ஈடுவைத்துக் கடன் எடுக்க அவரால் இயலாது. விபத்தில் வண்டி சிதைந்தால் காப்புறுதிப் பணத்துக்கு வழக்காட வேண்டிவரும். திருட்டுப் போனால் தம்முடையதென்று நிறுவுவதே பெரும் பாடாகும்.

இது வெறும் வாதம் அன்று என்பதை 2022ஆம் ஆண்டு நாடு முழுவதும் கண்டது. அவ்வாண்டு எரிபொருள் முற்றாக வற்றிய நாட்களில், யூலை மாதத்தில், அரசாங்கம் தேசிய எரிபொருள் அனுமதி என்ற முறையைக் கொண்டுவந்தது. வண்டியின் பதிவு இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் உரிமையாளரின் அடையாள அட்டை இலக்கத்தையும் கணினியில் கொடுத்தால், சதுரக் கட்டங்கள் கொண்ட கியூ.ஆர். குறியீடு ஒன்று கிடைக்கும். அதைக் காட்டினால்தான் நிரப்பு நிலையத்தில் எண்ணெய். ஆரம்பத்தில் வாரத்துக்கு லொறிக்கு 50 லீற்றர், உழவு இயந்திரம் முதலிய நில வாகனங்களுக்கு 15 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என அளந்தார்கள். ஓர் அடையாள அட்டைக்கு ஒரு வண்டி என்பதும் அந்நாளைய விதி. மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் வைத்திருந்த கமக்காரர் எதைப் பதிவது என்று தலையைப் பிடித்துக்கொண்டார். ஏட்டில் ஒருவர் பெயரும் கொட்டிலில் இன்னொருவர் வண்டியுமாக இருந்த இடங்களில் சிக்கல் இன்னும் இறுகியது. ஒரு வண்டிக்கு ஒரு குறியீடுதானே! பழைய உரிமையாளர் முந்திக்கொண்டாரா, அடிச்சட்ட இலக்கம் சரியாகத் தெரியுமா, சான்றிதழ் எங்கே என்ற கேள்விகள், வயலில் நீர் நிற்க உழவு நிற்கும் நேரத்திலே எழுந்தன. வயல் வேலைக்குரிய டீசலைக் கமநல சேவை நிலையங்களின் வழியாக வழங்க வேறு ஏற்பாடும் செய்ய நேர்ந்தது. அம்முறை 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் தேதி நீக்கப்பட்டது. பதிவுச் சான்றிதழ் என்பது அலமாரிக் கடதாசி அன்று, எண்ணெய்த் தாங்கியின் திறப்பும் அதுவே என்பதை அந்த ஓராண்டு பலருக்கு உணர்த்திச் சென்றது.

இன்னொரு காரணமும் அக்காலத்தில் சேர்ந்துகொண்டது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கி வாகன இறக்குமதி தடுக்கப்பட்டிருந்தது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் அத்தடை பொதுவாக நீங்கியது. புதிய வண்டி வராத ஐந்தாண்டில் பழைய வண்டிகளே கைமாறின. விலையும் ஏறியது. விலை ஏறிய பொருளுக்குப் பத்திரம் மட்டும் வெற்றுத்தாளாக இருப்பது எவ்வளவு பேதைமை!

இனிக் கட்டணங்களுக்கு வருவோம். எத்தனை ரூபா என்று நான் சொல்லப் போவதில்லை. வர்த்தமானியில் அடிக்கடி மாறும் தொகையை வானொலியிற் சொன்னால், அச்சுக்குப் போகுமுன் பழையதாகிவிடும். பணம் எந்தெந்தப் பைக்குப் போகின்றது என்பதை அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது, மத்திய அரசின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். புதிய பதிவு, உரிமை மாற்றம், சான்றிதழின் பிரதி, வகுப்பு மாற்றம் ஆகியவை அங்கே. ஒருநாட் சேவை வேண்டுமாயின் கட்டணம் கூடும்; காத்திருக்கச் சம்மதமாயின் குறையும். இரண்டாவது, மாகாணம். 1987ஆம் ஆண்டில் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட பதின்மூன்றாந் திருத்தம், வாகனங்களின் ஆண்டு உத்தரவுப் பத்திரக் கட்டணத்தை மாகாண சபைகளுக்கு உரியதாக்கியது. அதனால் அது மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடக்கூடும். பிரதேச செயலகத்தில் பெறலாம். அண்மைக் காலத்தில் இணைய வழியாகவும் பெறலாம். மூன்றாவது பை, அப்பத்திரத்தைப் பெறுமுன் காட்ட வேண்டிய சான்றுகளுக்குரியது. மூன்றாந் தரப்புக் காப்புறுதியேனும் இருக்க வேண்டும். லொறியாயின் ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். 2008ஆம் ஆண்டில் தொடங்கிய புகைப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய இதே பங்கீடுதான்: பதிவு 1988ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, வரி 1974ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி. நாமக்கல் லொறிக்காரர்கள் படும் பாட்டை நம் லொறிக்காரர்கள் கேட்டால் தம் பாடு தேவலை என்பார்களோ, அல்லது அவர்கள் இவர்களைப் பார்த்து அப்படிச் சொல்வார்களோ, அறியேன்.

உத்தரவுப் பத்திரத்தை முன்கண்ணாடியில் ஒட்டிக் காட்ட வேண்டும் என்பது நாம் அறிந்ததே. உழவு இயந்திரத்துக்குக் கண்ணாடி ஏது? மழையிலும் சேற்றிலும் நனையாமல், அதனைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு ஆசனத்தின் கீழ்ப் பெட்டியில் வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கின்றேன். பொலிஸார் கேட்டவுடன் எடுத்து நீட்டக் கூடியதாக இருந்தாலன்றி அது இருந்தும் இல்லாததற்குச் சமம்.

லொறியின் ஆண்டுக் கட்டணம் அதன் வெற்று நிறையை அடிப்படையாகக் கொண்டு அளக்கப்படுகின்றது. பாரம் ஏற்றாத வண்டியைத் தராசில் நிறுத்தினால் வரும் நிறை அது. அளப்பதற்கு இலகு, ஏமாற்றுவதற்கு அரிது. ஆயினும் தெருவைக் கெடுப்பது வெற்று நிறையா, ஏற்றிய பாரமா? அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊருக்கு அருகே 1958 தொடக்கம் 1960 வரை, பல்வேறு தடிப்பில் தெருக்களை அமைத்து, இராணுவச் சாரதிகளைக் கொண்டு லொறிகளை இரவும் பகலும் ஓட்டி ஒரு சோதனை நடத்தினார்கள். அச்சு ஒன்றின் மேல் விழும் பாரம் இரட்டித்தால் தெருவுக்கு நேரும் சேதம் இரட்டிப்பதில்லை. ஏறக்குறையப் பதினாறு மடங்காகின்றது என்பது அதிலிருந்து பெறப்பட்டது. பாரம் பத்து வீதம் மிஞ்சினாலே சேதம் ஒன்றரை மடங்கை நெருங்கும். இதனை வைத்துப் பார்த்தால், ஒரே வெற்று நிறையுள்ள இரண்டு லொறிகளில் அளவோடு நெல் ஏற்றிச் செல்பவரும், கரை ததும்ப மணல் ஏற்றிச் செல்பவரும் ஒரே கட்டணத்தைச் செலுத்துகின்றனர். மழைக்காலத்தில் குண்டும் குழியுமாகும் கிராமத்துத் தெருவோ இருவருக்கும் பொது. என் அபிப்பிராயத்தில், வெற்று நிறைக் கட்டணம் வசூலிப்பதற்கு எளிய முறையேயன்றி நீதியான முறை அன்று. அதன் குறையை ஈடுசெய்ய வேண்டியது தெருவோரத்து நிறுவைத் தராசு. லொறியின் பக்கப் பலகையில் வெற்று நிறையும் மொத்த நிறையும் எழுதப்பட்டிருப்பதன் பயனும், தராசு ஒன்று இருந்தால்தானே விளங்கும்.

இலக்கத் தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரும்புத் துண்டில் எழுதிய நாலைந்து இலக்கங்களுக்கு இந்நாட்டில் பெருஞ் சரித்திரம் உண்டு. 1957ஆம் ஆண்டு தொடக்கத்தில் புதிய வாகனங்களின் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. தமிழ்ப் பிரதேசங்களில் எதிர்ப்பு மூண்டது. 1958ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அவ்வாண்டின் தொடக்கத்திலே தோன்றிய இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் அவ்வெழுத்தைத் தாங்கி வடக்கே வந்தபோது அவ்வெழுத்துக்குத் தார் பூசப்பட்டது. தெற்கே தமிழெழுத்துப் பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. ஏப்ரல் மாதத்தில் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் கலவரம். கட்டணம் வாங்குவதற்கும் களவைப் பிடிப்பதற்குமென்று ஏற்பட்ட தகடு, இத்தனை துயரத்துக்கு வாயிலாயிற்று. பின்னர் எழுத்தில்லாத இலக்க வரிசை வந்தது. இரண்டாயிரமாம் ஆண்டளவில் ஆங்கில எழுத்து வரிசை வந்தது. மாகாணத்தைக் குறிக்கும் எழுத்துக்களும் உடன் சேர்ந்தன. வண்டி மாகாணம் மாறினால் தகடும் மாற வேண்டிய தொல்லையை ஒழிக்க, 2023ஆம் ஆண்டு முதல் புதிய தகடுகளில் மாகாண எழுத்துக்கள் கைவிடப்பட்டன. ஆனாலும் பழைய ஸ்ரீத் தகட்டோடு இன்றும் உழும் இயந்திரங்கள் உண்டு. தந்தை வாங்கியதை மகன் ஓட்டுகின்றார். அத்தகையவற்றிலேதான் பதிவேட்டுப் பெயரும் தந்தையுடையதாகவே நின்றுவிடுகின்றது. உரிமையாளர் காலமானால் வாரிசு தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. மரணச் சான்றிதழும் வாரிசுரிமைப் பத்திரங்களும் சகோதரர்களின் சம்மதமும் கையில் இருக்கும்போதே செய்வது இலகு. சகோதரர்களில் ஒருவர் கனடாவிலும் இன்னொருவர் பிரான்சிலும் இருக்கும் குடும்பங்களுக்கு நான் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

வன்னி மக்களுக்கும் இது தெரியும். 2009ஆம் ஆண்டு போரின் கடைசி மாதங்களில், உழவு இயந்திரத்திலும் பெட்டியிலும் வீட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு இடம் விட்டு இடம் பெயர்ந்தவர்கள், முடிவில் அவற்றைக் கைவிட்டு வெறுங்கையோடு நடந்தார்கள். பின்பு துருவேறிக் குவிந்து கிடந்த வண்டிகளிடையே தம்முடையதை இனங்காண முயன்றவருக்கு, நிறமும் உருவமும் சாட்சி சொல்லவில்லை. அடிச்சட்டத்தில் பொறித்த இலக்கமும், அதை ஏற்றிருந்த ஏடுமே சொல்லக் கூடியவை.

சாரதிகளுக்குரிய விதியைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கின்றேன். கை உழவு இயந்திரத்துக்கு ஜி.1 என்ற வகுப்பு. நாற்சக்கர உழவு இயந்திரத்துக்கு ஜி. மொத்த நிறை 3,500 கிலோகிராமுக்கு மேற்பட்டு 17,000 வரையுள்ள லொறிக்கு சி.1, அதற்கு மேற்பட்டதற்கு சி.; பெரும் இழுவைப் பெட்டி பூட்டிய லொறிக்கு சி.ஈ. கார் ஓட்டும் பத்திரத்தைக் காட்டி இவற்றை ஓட்ட முடியாது. ஓட்டினால் காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடக்கூடும்.

பெட்டி ஒன்றை, அதுவும் உள்ளூர்ப் பட்டறையில் ஒட்டிச் செய்ததை, இரண்டாங் கையாக வாங்கப் போகின்றவர், பேரம் பேசுமுன் ஒரு கம்பித் தூரிகையும் சிறிது மண்ணெண்ணெயும் கொண்டு போவது நல்லது. முன்சட்டத்தில் துருவையும் பழைய வர்ணத்தையும் உரசி எடுத்தால் பொறித்த இலக்கம் தெரியும். அதைச் சான்றிதழோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். ஓரெழுத்துப் பிசகினாலும் பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் வண்டியைக் காட்டிய பின்னர் மறுமொழி சொல்லலாம். ஒத்திருந்தால், விற்பவரையும் உடன் அழைத்துக்கொண்டு, ஆறாம் படிவத்தில் தம் பெயரும் அன்றைய தேதியும் எழுதப்பட்ட பின்னரே பணத்தை எண்ணிக் கொடுப்பாராக. அந்தத் தேதியிலிருந்து பதினான்கு நாள் எண்ணத் தொடங்க வேண்டும்.